பிறவாத மரங்களின் சாட்சியம்

மான் என்ற சொல்லைக் கேட்டதுமே நம் மனத்தில் எழுவது ஓர் எளிய உயிரின் உருவம். அகன்ற கண்கள், ஓயாது அசையும் காதுகள், சருகின் ஓசைக்கும் துணுக்குற்று நிமிரும் கழுத்து. பெண்ணின் மருண்ட பார்வைக்கு மான்விழியை உவமை சொன்னது நம் தமிழ். இறைவனுக்காக ஏங்கும் ஆன்மாவுக்கு மானையே உவமையாகக் கொண்டது திருப்பாடல் நூல். புலி மானைத் துரத்தும் படத்தைப் பார்க்கும் குழந்தை மானுக்காகவே கூவுகிறது. புலிக்கும் பசிக்குமே என்று அது எண்ணுவதில்லை. அந்தக் குழந்தை நம் ஒவ்வொருவருக்குள்ளும் இருக்கிறது. அதை நாம் குறை சொல்லவில்லை. இரக்கம் என்னும் நற்பண்பு மனிதனிடம் முதன்முதலாகத் துளிர்ப்பது இவ்வாறுதான்.

ஆயினும் துளிர் வேறு, கனி வேறு. கண்முன் நிற்கும் உயிரின்மேல் நாம் காட்டும் இரக்கம், கண்ணில் படாத வேறோர் உயிருக்குக் கொடுமையாய் முடியக்கூடுமா? முடியுமானால் அதற்குப் பொறுப்பு யார்? கொன்றவன் மட்டும்தானா, அல்லது கொல்லாமல் விட்டவனுமா? இவ்வினாக்களை வெறும் சொற்களாக வைத்துப் பேசினால் பேச்சு நீளுமேயன்றி வெளிச்சம் பிறக்காது. எனவே, நூறாண்டுகளுக்கு முன் அமெரிக்க மலைநிலம் ஒன்றில் மெய்யாகவே நடந்த நிகழ்ச்சியை முன்வைத்து எண்ணிப் பார்ப்போம்.

படுத்திருக்கும் மலை

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள கிராண்ட் கேன்யன் என்னும் மாபெரும் பள்ளத்தாக்கைப் பலரும் படங்களில் கண்டிருப்போம். அதன் வடகரையில் உயர்ந்து விரிந்து கிடக்கும் மேட்டுநிலத்துக்குக் கைபாப் என்று பெயர். அது அம்மண்ணின் பூர்வகுடிகளான பையூட் மக்களின் சொல். படுத்திருக்கும் மலை என்பது அதன் பொருள். உண்மையிலேயே ஒரு மலை களைத்துப் படுத்துக்கொண்டது போலத்தான் அந்நிலம் தோன்றும். உயர்ந்த பைன் மரங்களும், தேவதாரு இன மரங்களும், இலேசான காற்றுக்கும் இலைகள் நடுங்கும் ஆஸ்பென் மரங்களும் அங்கே செறிந்துள்ளன. தெற்கே பள்ளத்தாக்கு, கீழே நாற்புறமும் வறண்ட நிலம். கடல் நடுவே தீவு போல, பாலை நடுவே நிற்கும் காடு அது.

அக்காட்டில் வாழ்பவை கோவேறு கழுதையினுடையவை போன்ற நீண்ட காதுகளைக் கொண்ட மான்கள். அவற்றைப் பையூட் மக்கள் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடி உண்டு வந்தனர். மலைச்சிங்கம் எனப்படும் பூமாவும், ஓநாயும், குள்ளநரியை ஒத்த கொயோட்டியும் அவற்றைத் தின்று வாழ்ந்தன. மான்களோ புதர்களையும் இளந்தளிர்களையும் தின்றன. யாரும் கணக்கு எழுதவில்லை. ஆனால் கணக்கு நேராக இருந்தது.

1906ஆம் ஆண்டு நவம்பரில், குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட் அந்நிலத்தை விலங்குக் காப்பகமாக அறிவித்தார். நோக்கம் நல்ல நோக்கமே. அக்காலத்தில் அமெரிக்காவெங்கும் வேட்டை வெறி தலைவிரித்தாடியது. எருமையினத்து விலங்காகிய பைசன் அழிவின் விளிம்புக்கே வந்துவிட்டது. அவ்வாறு மானும் அழிந்துவிடக் கூடாது என்று நல்லோர் விரும்பினர். மானைச் சுடுவது தடை செய்யப்பட்டது. பையூட் மக்களின் பழைய வேட்டைக்கும் அங்கே இடமில்லாது போயிற்று. மனிதரின் கையைத் தடுத்தால் மட்டும் போதாது, விலங்கின் பல்லையும் அகற்ற வேண்டும் என்பது அன்று கற்றோரும் ஏற்றிருந்த கொள்கை. அரசே சம்பளம் கொடுத்து வேட்டைக்காரர்களை அமர்த்தியது. மலைச்சிங்கங்கள் நூற்றுக்கணக்கில் வீழ்ந்தன. கொயோட்டிகள் ஆயிரக்கணக்கில் மடிந்தன. எண்ணிக்கையில் முன்பே சிறுத்திருந்த ஓநாய்க் கூட்டம் அடியோடு ஒழிந்தது. 1913இல் ரூஸ்வெல்ட்டும் தம் புதல்வருடன் அங்கே வந்து மலைச்சிங்க வேட்டையில் கலந்துகொண்டார்.

இவற்றைச் செய்தவர்களைக் கொடியவர் என்று எண்ணிவிடலாகாது. அவர்கள் மானை நேசித்தவர்கள். மெல்லியதைக் காக்க வலியதை அழிப்பது அறம் என்று நம்பியவர்கள். நாமும் அன்று அங்கிருந்தால் அவர்களைப் பாராட்டியே எழுதியிருப்போம்.

காடு மெல்ல உண்ணப்பட்ட விதம்

காப்பகம் அமைந்தபோது அங்கே நாலாயிரம் மான்கள் அளவில் இருந்திருக்கலாம் என்பது அக்காலத்தவர் மதிப்பீடு. பெண்மான் இரண்டாம் ஆண்டிலேயே ஈனத் தொடங்கும். நல்ல உணவு கிடைத்தால் இரட்டைக் குட்டிகள் ஈனுவது இயல்பு. தடுக்கும் பல்லும் இல்லை, தடுக்கும் துப்பாக்கியும் இல்லை. அந்நிலத்தில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுமாடுகளின் எண்ணிக்கையும் குறைக்கப்பட்டதால் மான்களுக்குத் தீனி மேலும் கூடியது. 1924ஆம் ஆண்டில் அங்கே முப்பதாயிரம் மான்கள் என்றார் ஒருவர். அதைவிடப் பன்மடங்கு என்றார் வேறொருவர். இலட்சம் என்று சொன்னவரும் உண்டு. தொகை எதுவாயினும், காடு தாங்கக்கூடியதைக் கடந்துவிட்டது என்பதில் நேரில் கண்டோர் ஒருமித்த கருத்துடையவராய் இருந்தனர்.

மான் காட்டை அழிக்கும் விதம் தீ அழிப்பது போன்றதன்று. தீயைக் கண்டால் ஊரே ஓடிவரும். மான் ஓசையின்றி அழிக்கிறது. வளர்ந்த மரத்தை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அதன் வாய்க்கு எட்டும் உயரம் வரையிலுள்ள இலைகளையும் தளிர்களையும் மட்டுமே அது உண்கிறது. எனவே, மான் மிகுந்த காட்டில் எல்லா மரங்களிலும் ஒரே உயரத்தில் கீழ்க்கிளைகள் வெறுமையாகி, நூல் பிடித்துக் கோடு கிழித்தாற்போல் தோன்றும். கோட்டுக்கு மேலே பசுமை, கீழே வெறுமை. தொலைவிலிருந்து பார்ப்பவனுக்குக் காடு செழிப்பாகவே தெரியும். அருகில் சென்று தரையைப் பார்ப்பவனுக்கே உண்மை புலப்படும்.

அங்கே குழந்தைகள் இல்லை. ஆம், மரங்களின் குழந்தைகள் இல்லை. ஆஸ்பென் மரம் பெரும்பாலும் தன் வேரிலிருந்தே புதிய தண்டுகளை விடுகிறது. இளந்தண்டு மானின் வாய்க்கு எட்டாத உயரத்தை அடையச் சில ஆண்டுகள் பிடிக்கும். ஒவ்வோர் ஆண்டும் நுனி கடிக்கப்பட்டால் அது முழங்கால் உயரத்திலேயே நின்று, பிறகு பட்டுப்போகும். வேர் மறுபடி தளிர் விடும், மறுபடி கடிபடும். தாய்மரங்களோ மேலே தழைத்து நின்றுகொண்டிருக்கும். அவை முதுமையடைந்து சாயும்போதுதான் அவற்றின் இடத்தை நிரப்ப ஒருவரும் இல்லை என்பது தெரியவரும். மேலும், மான் எல்லாவற்றையும் ஒரே விதமாக உண்பதில்லை. சுவையானவற்றை முதலில் தின்று தீர்க்கிறது. சுவையற்றவை எஞ்சிப் பெருகுகின்றன. இவ்வாறு காட்டின் உயரம் மட்டுமன்று, அதன் குணமே மாறுகிறது. புதரில் கூடு கட்டும் பறவை இடமிழக்கிறது; பூவை நம்பிய வண்டு உணவிழக்கிறது. ஈற்றில், அக்காட்டை நம்பிய மானும் பட்டினி கிடக்கிறது.

அதுவே நடந்தது. 1924–25, 1925–26 ஆகிய இரு குளிர்காலங்களில் பனி மூடிய கைபாப் நிலத்தில் ஆயிரக்கணக்கான மான்கள் எலும்பும் தோலுமாய்ச் செத்து விழுந்தன. முதலில் மடிந்தவை அவ்வாண்டு பிறந்த குட்டிகள். ஏனெனில், எஞ்சியிருந்த தளிர்கள் தாய்மானின் வாய்க்கே எட்டும் உயரத்தில் இருந்தன. குட்டியின் வாய்க்கு எட்டவில்லை.

கொல்வதா, காத்திருப்பதா?

இப்போது அறத்தின் முள் தைக்கிறது. மந்தையைக் குறைக்க வேண்டும் என்றனர் வனத்துறையினர். மானைச் சுடவா காப்பகம் அமைத்தோம் என்று கொதித்தனர் மக்கள். இரு தரப்பாரும் மானின் பெயராலேயே பேசினர்.

குருதி சிந்தாத வழி ஒன்றைத் தேடினார்கள். மான்களை மந்தையாக ஓட்டிச் சென்று, பள்ளத்தாக்கில் இறக்கி, கொலராடோ ஆற்றைக் கடக்கச் செய்து, தென்கரையில் சேர்த்துவிடலாம் என்று ஒருவர் முன்வந்தார். மானுக்கு இரண்டரை டாலர் கூலி. 1924 டிசம்பரில் குதிரை வீரர்களும், கால்நடையாய் வந்த நவாஹோ மக்களும் வரிசையாக நின்று, மணிகளை ஒலித்துக்கொண்டு காட்டினூடே நடந்தனர். பனிப்புயல் வீசியது. மான்களோ முன்னே ஓடுவதற்கு மாறாக, மனிதரின் வரிசைக்கு இடையே புகுந்து பின்புறமாக ஓடி மறைந்தன. ஒரு மான்கூட அக்கரை சேரவில்லை. படிக்கும்போது நமக்குச் சிரிப்பு வரலாம். ஆனால், கடினமான முடிவு ஒன்றைத் தவிர்ப்பதற்காக மனித மனம் எத்தனை தொலைவு நடக்கும் என்பதற்கு அது நல்ல சான்று.

மத்திய அரசு வேட்டைக்கு இசைவளித்தது. மாநில அரசு தன் சட்டப்படி, சுட்டவர்களைக் கைது செய்தது. பின்னர் அரசு ஊழியர்களே பெருந்தொகையான மான்களைச் சுட்டனர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. காட்டின் இளமரங்கள் மான்களால் பேரழிவுக்குள்ளாகின்றன என்பதை ஏற்று, காட்டைக் காக்கும் பொருட்டு மான்களைக் குறைக்கும் உரிமை மத்திய அரசுக்கு உண்டு என்று 1928 நவம்பரில் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மரக்கன்றுகளின் சார்பில் எழுதப்பட்ட தீர்ப்பு என்றே அதைச் சொல்லலாம்.

சட்டம் தீர்த்துவிட்டது. மனச்சான்று தீர்த்துவிட்டதா?

இவ்விடத்தில் நம் சொந்தக் குறை ஒன்றைச் சொல்லிவிடுவது நேர்மையாகும். பல ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய பங்கொன்றில், நோயுற்ற ஏழைகளுக்கென மக்கள் சேர்த்த சிறு நிதியொன்று நம் பொறுப்பில் இருந்தது. ஒருவர் அடிக்கடி வருவார். கண்ணீர் மல்க நிற்பார். அவருடைய தேவை பாதி மெய், பாதி பொய் என்பது நமக்குத் தெரியும். ஆனால் கண்ணீரின் முன் கையை மூட நம்மால் இயலவில்லை. இரக்கமுள்ள சாமியார் என்ற பெயரும் நமக்குக் கிடைத்தது, அது கசக்கவில்லை. மழைக்காலத்தில் ஒருநாள் தொலைவிலுள்ள கிளைப்பங்கிலிருந்து கைம்பெண் ஒருவர், காய்ச்சலில் துவண்ட மகனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அதுவரை அவர் எவரிடமும் எதுவும் கேட்டதில்லை. பெட்டியில் பணமில்லை. "பரவாயில்லீங்க சாமி" என்று சொல்லிவிட்டுச் சென்றார். தம்மிடமிருந்த ஒரே பசுவை விற்று மகனுக்கு மருத்துவம் பார்த்தார் என்பதைப் பின்னர் அறிந்தோம். நாம் அவருடைய பசுவை எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்திருந்தோம், அவ்வளவுதான். அன்று கொடுத்த நேரத்தில் அவர் நம் கண்முன் இல்லை. அதுவே அவர் செய்த குற்றம்.

கைபாப் மானைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அப்பெண்மணியின் முகம் நம் நினைவுக்கு வருகிறது. மானுக்கு முகம் உண்டு. மரத்தின் முளைக்கு முகமில்லை. மான் நம்மைத் திரும்பிப் பார்க்கிறது; முளை பார்ப்பதில்லை. நமது இரக்கம் பெரும்பாலும் முகத்தைத் தேடிச் செல்கிறது. முகமற்றவருக்கும், தொலைவில் இருப்பவருக்கும், இனிப் பிறக்கவிருப்பவருக்கும் அது நீள்வதில்லை. அவர்களுக்குரியதை நினைவில் வைத்திருக்கும் பண்புக்கு நீதி என்று பெயர். நீதி சேராத இரக்கம் அருகிலிருப்பவரின் கைக்கருவியாகிவிடும். இரக்கம் சேராத நீதியோ கல்லாகிவிடும். இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுத்துக்கொள்ளும் உரிமை நமக்கு இல்லை.

ஓநாயின் வேலை

"கொல்லாமல் இருந்துவிட்டால் பாவமில்லையே, இயற்கை பார்த்துக்கொள்ளட்டும்" என்று சிலர் சொல்லக்கூடும். திருப்பலியின் தொடக்கத்தில், செய்ததற்காக மட்டுமன்றிச் செய்யத் தவறியதற்காகவும் மார்பில் தட்டிக்கொள்பவர்கள் நாம். கைகட்டி நிற்பதும் ஒரு செயலே என்பது நமக்குப் புதிய போதனையன்று. அதிலும் கைபாப் நிலத்தில் இயற்கையை முன்பே நாம் கைவைத்துக் குலைத்துவிட்டோம். ஓநாயை ஒழித்தது மனிதன். மலைச்சிங்கத்தைச் சுட்டது மனிதன். பூர்வகுடிகளின் வேட்டையை நிறுத்தியது மனிதன். தராசின் ஒரு தட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "தராசு தானே நேராகட்டும்" என்பது பக்தியாகாது, பொறுப்பைத் தட்டிக்கழிப்பதேயாகும். ஓநாயை அகற்றியவன், அவன் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், ஓநாயின் வேலையைச் சுதந்தரித்துக்கொண்டான்.

அவ்வேலையைச் செய்யாவிட்டால் மான் சாகாமல் இருந்துவிடுமா? இல்லை. குண்டு சில நொடிகளில் முடிப்பதைப் பசி சில மாதங்களில் முடிக்கும். ஓநாய் கிழட்டு மானையும் நோயுற்ற மானையும் தேடிப் பிடிக்கும். பசி குட்டிகளைத் தேடிப் பிடிக்கும். எனவே, கொல்வதா கொல்லாமல் விடுவதா என்பது அங்கே இருந்த தேர்வன்று. எவ்வகைச் சாவு, எத்தனை சாவு, அவற்றோடு காடும் சாக வேண்டுமா என்பவையே அங்கே இருந்த வினாக்கள். தூய கரங்களோடு அவ்விடத்தைக் கடந்து செல்ல வழியே இல்லை. தூய கரங்களைத் தேடியவர்கள்தாம் பனிப்புயலில் மணியொலித்துக்கொண்டு நடந்தார்கள்.

எனினும் இங்கே இரு எச்சரிக்கைகள் வேண்டும். முதலாவது, கொல்ல வேண்டிய கடமை வேறு, கொல்வதில் காணும் களிப்பு வேறு. தேவையினால் செய்யும் காரியத்தைத் துயரத்தோடு செய்வதே மனிதனுக்கு அழகு. மானைச் சுட வேண்டியிருந்தது என்று சொல்லும்போது நம் குரலில் வருத்தம் இல்லையென்றால், நாம் நீதியைக் கற்றுக்கொள்ளவில்லை. கடினத்தை மட்டுமே கற்றுக்கொண்டோம்.

இரண்டாவது எச்சரிக்கை அதனினும் பெரிது. மந்தைக்குச் சொன்ன நியாயத்தை மாந்தருக்குச் சொல்லலாகாது. "வாய்கள் மிகுந்துவிட்டன, குறைத்தால்தான் உலகு பிழைக்கும்" என்று ஏழை நாடுகளை நோக்கியும் ஏழைகளை நோக்கியும் பேசுவோர் உண்டு. மான் தன் உணவைப் பகிர்ந்துகொள்ள அறியாது. தன் பங்கைக் குறைத்துக்கொள்ள அறியாது. நாளைய தளிருக்காக இன்று பசித்திருக்க அறியாது. மனிதன் அறிவான். அறிந்தும் செய்யாதபோதுதான் வாய்கள் மிகுந்தவை போல் தோன்றுகின்றன. ஒவ்வொரு மனிதனும் தன்னிலேயே முழுமையான ஒருவன். எண்ணிக்கையின் பெயரால் கழித்துவிடத்தக்க ஒன்றல்லன். கைபாப் கதை நம்மைத் தன்னடக்கத்துக்கு அழைக்கிறது. பிறரை அடக்குவதற்கு அன்று.

மனம் திரும்பிய ஒருவர்

இந்தக் கதையை உலகறியச் செய்தவர்களில் முதன்மையானவர் ஆல்டோ லியோபோல்ட். வனத்துறையில் இளம் அலுவலராகச் சேர்ந்த அவர், 1909இல் தென்மேற்கு அமெரிக்க மலையொன்றில் தோழர்களோடு சேர்ந்து ஒரு தாய் ஓநாயைச் சுட்டார். ஓநாய் குறைந்தால் மான் பெருகும், மான் பெருகினால் வேட்டைக்காரனுக்கு விண்ணுலகம் என்பது அன்று அவருடைய நம்பிக்கை. சாகும் ஓநாயின் கண்களில் ஒளி அணைவதை அருகில் நின்று பார்த்தார். அக்கணமே மனம் மாறினார் என்று சொன்னால் கதை இனிக்கும். ஆனால் உண்மை அதுவன்று. அதன் பின்னும் பல ஆண்டுகள் ஓநாய்களை ஒழிக்க வேண்டும் என்றே அவர் வாதாடினார். உண்ணப்பட்டுத் தேய்ந்த மலைச்சரிவுகளைக் கண்டு கண்டு, மெல்ல மெல்லவே அவர் பார்வை மாறியது. அந்தக் கண்களைப் பற்றி அவர் எழுதியது 1944இல்; ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின். 1948இல் அவர் இறந்தார். மறு ஆண்டு வெளிவந்த அவரது நூலில் அக்கட்டுரை இடம்பெற்றது.

மனம் திரும்பியதற்கு விலையும் கொடுத்தார். 1943இல் விஸ்கான்சின் மாநிலத்தின் இயற்கை வளப் பாதுகாப்புக் குழுவில் உறுப்பினராயிருந்தபோது, அங்கும் மான் மிகுந்து காடு தேய்வதைக் கண்டு, பெண்மான்களையும் வேட்டையாட இசைவளிக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். மக்கள் அவரைத் தூற்றினர். அம்முடிவை அவ்வாண்டின் குற்றம் என்றே அழைத்தனர். ஓநாயைச் சுட்ட இளைஞனைப் பாராட்டிய உலகம், காட்டுக்காகப் பேசிய முதியவரை ஏசியது. நன்மை செய்வோருக்கு இது புதிதன்று.

மரங்கள் பேசின

கதை இத்துடன் முடிந்திருந்தால் நாம் இதை எழுத முற்பட்டிருக்க மாட்டோம். 1970இல் கிரேம் காக்லி என்னும் அறிவியலார் இக்கதையின் அடித்தளத்தையே அசைத்தார். இலட்சம் மான்கள் என்ற கணக்குக்குச் சான்று என்ன? ஆடுமாடுகளின் மேய்ச்சல் குறைந்ததும் காரணமாக இருக்கக்கூடாதா? ஓநாயும் மலைச்சிங்கமும் அகன்றதே காரணம் என்று எதைக் கொண்டு அறுதியிட்டீர்கள்? இவை நியாயமான வினாக்கள். பாடநூல்களில் நீண்ட நாள் இடம்பெற்றிருந்த கைபாப் கதை மெல்ல நீக்கப்பட்டது. நல்ல பாடம் தரும் கதை என்பதற்காக அது மெய்யாகிவிடாது. மேடையில் நின்று போதிக்கும் நம்மைப் போன்றோர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

இறந்த மான்களை மீண்டும் எண்ண முடியாது. அன்று பார்த்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை. யாரைச் சாட்சிக்கு அழைப்பது? மரங்களை அழைத்தார்கள். மரத்தின் உள்ளே ஆண்டுக்கொரு வளையம் உண்டு. அவ்வளையங்களை எண்ணினால் அது பிறந்த ஆண்டு தெரியும். டான் பிங்க்லி என்பவரும் அவருடைய தோழர்களும் கைபாப் நிலத்து ஆஸ்பென் மரங்களின் வயதைக் கணக்கிட்டு 2006இல் முடிவுகளை வெளியிட்டனர். மான் மிகுவதற்கு முன் பிறந்த மரங்கள் இருந்தன. மந்தை குறைக்கப்பட்ட பின் பிறந்த மரங்களும் இருந்தன. 1920களில் பிறந்திருக்க வேண்டிய மரங்களோ அரிதினும் அரிதாக இருந்தன. குடும்பப் படத்தில் ஒரு தலைமுறையே இல்லாதது போல! மான்களின் தொகையைப் பற்றிய பழைய கணக்கு பிழையாக இருக்கலாம். காடு உண்ணப்பட்டது உண்மை என்று அவை சாட்சி சொல்லின.

இச்சாட்சியத்தின் வியப்பை எண்ணிப் பாருங்கள். பேசியவை இருக்கும் மரங்கள் அல்ல, இல்லாத மரங்கள். பிறந்திருக்க வேண்டியவை பிறக்கவில்லை என்பதே சான்றாயிற்று. எண்பது ஆண்டுகள் காத்திருந்து அந்த வெற்றிடம் பேசியது.

திரும்பி வருவதும் வராததும்

செய்த தவறைத் திருத்தினால் எல்லாம் முன்போல் ஆகிவிடுமா? அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவிலும் ஓநாய்கள் ஒழிக்கப்பட்டன. பெருமான் இனமாகிய எல்க் அங்கே பெருகி, ஓடைக்கரைகளின் வில்லோ மரங்களையும் ஆஸ்பென் மரங்களையும் தின்றது. 1995, 1996 ஆகிய ஆண்டுகளில் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டனர். ஓநாயும், கரடியும், மலைச்சிங்கமும், பூங்காவுக்கு வெளியே மனித வேட்டையும் சேர்ந்து எல்க் கூட்டத்தைக் குறைத்தன. பல இடங்களில் இளமரங்கள் தலை தூக்கின. ஓநாய் வந்தது, ஆறே உயிர் பெற்றது என்று உலகெங்கும் மகிழ்ந்து பேசினர்.

ஆனால் எல்லா ஓடைகளும் மீளவில்லை. வில்லோ அழிந்தபோது அதை நம்பி அணை கட்டி வாழ்ந்த நீர்நாய் போன்ற பீவர் விலங்குகள் போயின. அணைகள் போனதும் நீர் வேகமாய் ஓடி ஓடையின் படுகையை ஆழமாய் அரித்தது. நிலத்தடி நீர் கீழிறங்கியது. இன்று மேய்ச்சல் குறைந்தும், வேருக்கு நீர் எட்டாத இடங்களில் வில்லோ பழைய உயரத்தை அடைய முடியவில்லை என்பதை இருபது ஆண்டுகள் நீடித்த ஆய்வு காட்டியுள்ளது. மனத்துயர் தவற்றை மன்னிக்கச் செய்யும். தவற்றின் விளைவுகளையெல்லாம் அழித்துவிடாது. ஒப்புரவுக்குப் பின்னும் பரிகாரம் உண்டு என்று நாம் கற்றது இதனால்தான். அப்பரிகாரம் சில வேளைகளில் ஒரு தலைமுறையோடு முடிவதில்லை.

அன்பர்களே, மான் குற்றவாளியன்று. தன்முன் இருந்த தளிரை அது உண்டது. வேறெதையும் அது அறியாது. ஓநாயும் குற்றவாளியன்று. இருவரையும் ஒருசேரத் தாங்கிய மலையை முழுதாகப் பாராமல், ஒருவரை மட்டும் நேசித்த நம் அன்பின் குறுமையே குற்றவாளி. அன்பைக் குறைத்துக்கொள்வது அதற்கு மருந்தன்று. அதன் எல்லையை நீட்டுவதே மருந்து: முகமற்றவர் வரை, இன்னும் வாயில் வந்து தட்டாதவர் வரை, பிறக்கவிருப்போர் வரை.

கைபாப் மேட்டில் இன்றும் மான்கள் வாழ்கின்றன. ஆண்டுதோறும் கணக்கெடுத்து, இத்தனை வேட்டைக்கு இசைவு என்று அளந்தே கொடுக்கிறார்கள். ஓநாயின் வேலையை மனிதன் இன்னும் செய்துகொண்டிருக்கிறான். அதை இறக்கி வைக்க அவனுக்கு வழியில்லை.

நம் வீட்டிலும், பங்கிலும், ஊர்ப் பொதுக்காரியங்களிலும் முடிவெடுக்க அமரும்போது, நம் முன் நிற்பவரின் கண்களைப் பார்ப்போம்; பார்த்தே ஆகவேண்டும். பின்னர் ஒரு கணம் தரையையும் பார்ப்போம். அங்கே முளைத்திருக்க வேண்டியது எதுவோ இல்லாமல் இருக்கிறதா என்று.